தீனி கேட்காத பிராணியும் வேலி கேட்கும் பண்ணையும்

உலகில் மனிதர் பயன்படுத்தும் மீன், இறால், சிப்பி, நண்டு முதலிய நீர்வாழ் பிராணிகளுள் பண்ணைகளில் வளர்க்கப்பட்டவற்றின் அளவு, கடலிலும் ஆறுகுளங்களிலும் பிடிக்கப்பட்டவற்றின் அளவை 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக விஞ்சியது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் கணக்கின்படி அவ்வாண்டில் வளர்த்துப் பெற்றது 94.4 மில்லியன் தொன். பிடித்துப் பெற்றது ஏறத்தாழ 91 மில்லியன் தொன். கடலில் பிடிபடும் அளவு 1980களின் இறுதியிலிருந்தே பெரிதாக ஏறாமல் நிற்பதால், பெருகிவரும் மக்கள்தொகைக்கு வேண்டிய மேலதிக மீனை இனிப் பண்ணைகளே தரவேண்டும் என்பது பல அரசுகளின் கொள்கையாகிவிட்டது. அக்கொள்கை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது, பண்ணையில் வளர்வது என்ன உயிர், அது என்ன தின்கிறது, பண்ணை யாருடைய இடத்தில் நிற்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

மீன்வளர்ப்பின் நிலைபேறு என்று அறிஞர்கள் குறிப்பிடுவது, அடுத்த தலைமுறையும் அதே நீரில் அதே விளைவைப் பெறக்கூடிய வகையில் இன்று வளர்ப்பதையே. இதில் முதலில் எழுவது தீனி பற்றிய கணக்கு. கொடுவா போன்ற ஊனுண்ணி மீனைக் கூட்டில் அடைத்து மலிவான சிறுமீனைத் தீனியாகப் போட்டு வளர்த்தால், ஒரு கிலோகிராம் கொடுவா பெறுவதற்கு நான்கைந்து கிலோகிராம் சிறுமீன், சில வேளைகளில் அதற்கு மேலும், செலவாகிறது. கடலில் இருந்து ஐந்தை எடுத்து ஒன்றைத் திருப்பித் தரும் இத்தொழிலைக் கடலுக்கு ஓய்வு கொடுக்கும் தொழில் என்று சொல்வது பொருந்தாது. மீன்மாவும் சோயா மாவும் கலந்த குருணைத் தீனி இந்தக் கணக்கைப் பெருமளவு திருத்தியிருக்கிறது என்றாலும், தின்னாமல் அடியில் தங்கும் மிச்சமும் மீனின் கழிவும் நீரின் ஒட்சிசனைக் குடித்துவிடும் என்ற இரண்டாவது கணக்கு அப்படியே நிற்கிறது.

இலங்கைக்கு இப்பாடம் புத்தளம், சிலாபம் பகுதிகளின் இறால் பண்ணைகளில் கிடைத்தது. 1980களில் தொடங்கிப் பெருகிய அப்பண்ணைகள் ஒரே களப்பிலிருந்து நீரை எடுத்து, கழிவுநீரையும் அதே களப்பில் விட்டன. 1996இல் வெண்புள்ளி நோயெனும் வைரசு நோய் ஒரு குளத்தில் புகுந்தபோது அயல் குளங்களையும் அது எளிதாக எட்டியது. கண்டல் காடும் உவர்ச் சதுப்பும் இருந்த இடங்களில் வெட்டப்பட்ட பல குளங்கள் பிறகு கைவிடப்பட்டன. அதே 1996 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், காந்தியவாதி ஜெகநாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. 2005இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தீர்ப்பின் கூர்மையைப் பெரிதும் மழுக்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

இந்தப் பின்னணியில், தீனியே போடாமல் வளர்க்கக்கூடிய, கழிவால் நீரைக் கெடுக்காத, மாறாகக் கடலடியைத் துப்புரவாக்குகின்ற ஓர் உயிர் உண்டென்றால் அதைக் காட்டிலும் உகந்த பண்ணைப் பிராணி கிடையாது என்று தோன்றுவது இயல்பு. அப்படியொரு பிராணி உண்டு. யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணை, அல்லைப்பிட்டி, புங்குடுதீவு முதலிய கரைகளின் ஆழங்குறைந்த கடலில் வலையடைப்புகளுக்குள் வளர்க்கப்படும் கடலட்டை அது. மீன்வளர்ப்பின் நிலைபேற்றைத் தீனிக் கணக்கால் மட்டும் அளப்பவர்கள் எதைக் காணத் தவறுகிறார்கள் என்பதை இந்தப் பண்ணைகளைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் தமிழர் வாழும் கரைகளில் வேறில்லை.

வேலணை, ஊர்காவற்றுறை, சரவணை, நாரந்தனை, சுருவில், அல்லைப்பிட்டி ஆகிய ஊர்கள் ஒரே தீவில் அமைந்தவை. யாழ்ப்பாண நகரிலிருந்து, பண்ணை என்ற இடப்பெயர் கொண்ட வீதி கடல்நீரேரியைக் கடந்து இத்தீவை அடைகிறது. தீவின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அதன் முனையில் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். தீவுகளுக்கிடையே உள்ள கடல் பெரும்பாலான இடங்களில் ஆள் உயரத்துக்கும் குறைந்த ஆழமுடையது. வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கமும் ஒரு மீற்றருக்கு உட்பட்டதே. சூரிய ஒளி அடிவரை இறங்குவதால் சேறும் மணலும் கலந்த தரையில் கடற்புல் அடர்ந்து வளர்கிறது. கடற்புல் என்பது பாசியன்று. வேரும் பூவும் விதையும் உடைய, நிலத்துப் புற்களைப் போல் தரையில் வேரூன்றிப் படரும் தாவரம். கடற்பாசியையும் கடற்புல்லையும் சேர்த்துச் சாதாளை என்று பொதுப்படச் சொல்வது கரையோர வழக்கு.

இந்தப் புல்வெளியில்தான் ஓரா மீன் மேய்கிறது, இறால் குஞ்சு பதுங்குகிறது, நீலக்கால் நண்டு இரை தேடுகிறது. சிறகுவலை கட்டுவோர், களங்கட்டி என்னும் மீன்பொறி கட்டுவோர், நண்டுவலை விடுவோர், வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நடப்போர், வள்ளமோ இயந்திரமோ இல்லாமல் கையால் இறால் பொறுக்கும் பெண்கள் என்று முதலீடு குறைந்த தொழிலாளர் அனைவருக்கும் இதுவே தொழிற்களம். சிறகுவலை என்பது தடிகளை வரிசையாக நட்டு வலையைச் சிறகுபோல் விரித்து, நீரோட்டத்தோடு கரையை அண்டி வரும் மீனை அதன் முடிவிலுள்ள கூட்டுக்குள் திருப்பும் பொறி. மீன் எந்தப் பக்கமாக ஓடி வரும் என்ற தலைமுறை அறிவின்மேல் அது நிற்கிறது. அந்த ஓட்டத்தின் குறுக்கே வேறொரு வலை நிமிர்ந்தால் சிறகுவலைக்கு வேலையில்லை. ஒடியற்கூழுக்குள் விழும் நண்டும் இறாலும் சிறுமீனும் பெரும்பாலும் இந்த முழங்கால் ஆழத்துக் கடலில் இருந்து வந்தவை என்பது யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

கடலட்டை, அட்டை என்ற பெயர் பெற்றிருந்தாலும், இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உறவன்று. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பல இனங்களுள் விலையுயர்ந்ததும் யாழ்ப்பாணப் பண்ணைகளில் வளர்க்கப்படுவதும் வெள்ளை அட்டை எனப்படும் ஒலோதூரியா ஸ்காப்ரா. சிங்களத்தில் அதற்கு ஜாப்னா அட்டயா என்ற பெயரும் உண்டு. முதுகு சாம்பல் நிறத்தில் குறுக்கே கரிய சுருக்கங்களோடும், வயிறு வெளுத்தும், உடல் கையில் எடுத்தால் இறுகியும் இருக்கும். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் நிறைந்திருப்பதால் தடவும்போது மெல்லிய சொரசொரப்பு தோன்றும். கண்ணும் மூளையும் இல்லாத இந்தப் பிராணி, வாயைச் சுற்றியுள்ள குட்டையான உணர்கொம்புகளால் மணலைத் துழாவி விழுங்கி, அதிலுள்ள நுண்ணுயிரையும் அழுகிய புல்லின் துகளையும் செரித்துவிட்டு, மணலைக் குழாய் வடிவில் பின்புறம் தள்ளிச் செல்கிறது. இளம் அட்டைகள் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மணலுக்குள் புதைந்து பிற்பகலில் மேலே வரும் வழக்கமுடையவை. இப்படி விழுங்குவதாலும் புதைவதாலும் கடலடி மண் இடைவிடாது புரட்டப்படுகிறது. அடி மண்ணுக்குள் ஒட்சிசன் இறங்குகிறது. அடைபட்டிருந்த நைதரசனும் பொசுபரசும் கரைந்து கடற்புல்லின் வேருக்குக் கிடைக்கின்றன. அட்டை நீங்கிய கடலடி நாளடைவில் இறுகிக் கறுத்துப்போகக்கூடும் என்று உயிரியலாளர் அஞ்சுவது இதனால்தான்.

இவ்வினத்தைப் பொரிப்பகத்தில் இனம்பெருக்கும் கலை முதன்முதலாகக் கைகூடியது ஒரு தமிழ்க் கரையிலேயே. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர் டி. பி. ஜேம்ஸ் 1988இல் அதைச் செய்து காட்டினார். கடலில் இருந்து எடுத்த தாய் அட்டைகளைத் தொட்டியில் இட்டு, நீரின் வெப்பநிலையை 3 முதல் 5 பாகை வரை உயர்த்தினால், முதலில் ஆண் அட்டை முன்னுடலை நிமிர்த்தி இப்படியும் அப்படியும் ஆடியவாறு விந்தை மெல்லிய வெண்புகைபோல் விடுகிறது. அதை உணர்ந்த பெண் அட்டை சற்று நேரம் கழித்து ஒரே வீச்சில் முட்டைகளைப் பீச்சுகிறது. ஒரு பெண் பத்து இலட்சம் முட்டை வரையிலும் அதற்கு மேலும் இடக்கூடும். பொரித்து வரும் நுண்ணிய குடம்பி நீரில் மிதந்து ஒருகலப் பாசிகளைத் தின்று ஏறத்தாழ இரண்டு வாரம் வாழ்ந்தபின், அமர்வதற்கு இடம் தேடுகிறது. அது தேடும் இடம் மணல் அன்று, கடற்புல்லின் இலை. இலையில் படிந்த நுண்பாசியை மேய்ந்து சில வாரங்கள் அங்கேயே வளர்ந்து, ஒரு சென்ரிமீற்றர் அளவு எட்டிய பிறகே மணலுக்கு இறங்குகிறது. பொரிப்பகங்களில் பாசி பூசிய தகடுகள் இலையின் வேலையைச் செய்கின்றன. கடலில் அந்த வேலையைச் செய்யக் கடற்புல் மட்டுமே உண்டு. எனவே புல்லை அழித்து அட்டைக்கு இடம் ஒதுக்குவது, அட்டையின் தொட்டிலை உடைத்து விறகாக்குவதற்குச் சமம். பொரிப்பகத்தில் பத்து இலட்சம் முட்டைகளில் குஞ்சாகத் தேறுபவை நூற்றுக்கு ஓரிரண்டே. அவற்றுள்ளும் சில கிராம் எடைக்கு முன் திறந்த கடலில் விடப்பட்டவற்றை நண்டும் மீனும் தின்றுவிடுகின்றன.

அட்டையை இத்தனை பாடுபட்டு வளர்ப்பதன் காரணம் சீனச் சந்தை. குடலை நீக்கி, அவித்து, மணலில் புதைத்து மேற்தோலை அழுகவிட்டு, அதைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து வெயிலில் உலர்த்திய அட்டை அங்கே விருந்துப் பண்டம். உயர்தர வெள்ளை அட்டை கொங்கொங் கடைகளில் கிலோகிராமுக்குப் பல நூறு அமெரிக்க டொலர் பெறுகிறது. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் காணும் வேடிக்கை என்னவென்றால், அட்டையைப் பிடித்து அனுப்புவோர் அதைச் சமைத்து உண்பதில்லை. உண்ணாத பொருளுக்கு உள்ளூரில் காவலும் இல்லை. ஆகவே சுழியோடிகள் எடுக்க எடுக்க இயற்கை இருப்பு குறைந்தது. இந்தியா 2001இல் கடலட்டை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெள்ளை அட்டையை அழியும் அபாயத்துக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. இலங்கையில் பிடிப்பது அனுமதிப்பத்திரத்தோடு தொடர்கிறது. குறுகிய கடலின் ஒரு கரையில் குற்றமும் மறு கரையில் தொழிலுமாக ஒரே உயிர் இருப்பதால், இராமநாதபுரக் கரையில் பிடிபடும் கடத்தல் மூட்டைகளைப் பற்றிய செய்திக்கு ஓய்வே இல்லை.

தீவகத்தில் பண்ணைகள் பெருகிய காலத்தின் சூழலையும் மறக்கலாகாது. 1990க்குப் பின் இத்தீவுகளின் மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து, கடல் பாதுகாப்பு வலயமாகி, தொழில் பல ஆண்டுகள் முடங்கியது. 2009க்குப் பின் திரும்பியவர்களுக்கு வலையும் வள்ளமும் புதிதாகச் சேர்க்கவேண்டியிருந்தது. சேர்த்தவற்றை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துச் சென்றன. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. சிறு படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. கடலுக்குப் போனால் எண்ணெய்ச் செலவே தேறாது என்ற நிலையில், கரையோரத்தில் இருந்தபடியே டொலர் தரும் பயிராகக் கடலட்டை மக்கள் கண்ணுக்கும் அரசின் கண்ணுக்கும் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, சுருக்கமாக நக்டா, பண்ணைகளை ஊக்குவித்தது. 2021இல் நாட்டின் கடலட்டை ஏற்றுமதி ஏறத்தாழ 336 தொன். மண்ணெண்ணெய் விலையேற்றத்துக்குச் சற்று முன், 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பில் பெரும் வணிகக் கடலட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதற்கு முன்னரே, 2021இல் பூநகரிக்கு அருகே கௌதாரிமுனையில் சீனப் பங்குடைய பண்ணை ஒன்றை எதிர்த்து அயல் மீனவர் குரலெழுப்பியிருந்தனர். 2022இன் இறுதி மாதங்களில் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் கடற்றொழிலாளர் தொடர் போராட்டத்தில் இருந்தனர். எதிர்ப்பைச் சீனா, இந்தியா என்ற அரசியல் கண்ணாடியால் மட்டும் பார்த்த செய்திகள், முழங்கால் ஆழத்துக் கடலில் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

அங்கே நடப்பதை விளங்கிக்கொள்ளத் தீவகத்தவர் நன்கறிந்த தரவை உதவும். தரவை என்பது ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். யாரும் புல் நடுவதில்லை, யாரும் தீனி போடுவதில்லை, மாடு தானே மேய்கிறது; ஆனால் தரவை தாங்கும் மாடுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. கடலட்டைக்கும் கடலடி அத்தகைய தரவையே. தீனி போடவேண்டாம் என்பதன் பொருள் தீனி வேண்டாம் என்பதன்று. தீனியை மண்ணே தருகிறது, மண் தரும் அளவுக்கு மேல் ஓர் அட்டையும் வளராது. சொலமன் தீவுகளில் 1990களில் நடந்த ஆய்வுகள், ஒரு சதுர மீற்றரில் உள்ள வெள்ளை அட்டைகளின் மொத்த எடை ஏறத்தாழ 225 கிராமை எட்டியதும் வளர்ச்சி நின்றுவிடுவதைக் காட்டின. வளமான சேற்றுத் தரையில் இந்த எல்லை உயரலாம், வெறும் மணலில் தாழலாம். அதையே அளவுகோலாகக் கொண்டு ஓர் ஏக்கரை, அதாவது பதினாறு பரப்பைக் கணக்கிட்டால், அது தாங்குவது ஏறத்தாழ 910 கிலோகிராம். விற்கத்தக்க 400 கிராம் எடையுள்ள அட்டையாக 2,300க்குச் சற்றுக் குறைவு. உலர்ந்தபின் உயிரெடையில் நூற்றுக்கு ஐந்தே மிஞ்சுவதால் சுமார் 45 கிலோகிராம் சரக்கு. சாவுக்கு ஈடு வைத்து இரு மடங்கு குஞ்சு விடுவது ஒன்று, வருமான ஆசையால் பல மடங்கு விடுவது இன்னொன்று. பின்னதைச் செய்த பண்ணையில் அட்டைகள் மெலிந்து, விற்கும் எடையை எட்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும். பண்ணைக்காரர் அதை நோயென்று நினைத்து மருந்து தேடுவதைக் காட்டிலும் எண்ணிக்கையைக் குறைப்பதே பயன் தரும்.

இயற்கை வைக்கும் இன்னொரு சோதனை மாரி. முட்தோலிகளால் உடலுக்குள் உள்ள உப்பின் அளவைத் தாமே சீர்படுத்திக்கொள்ள முடியாது. வெளிநீர் எப்படியோ உள்நீரும் அப்படியே. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்க, அது 20க்குக் கீழே இறங்கிச் சில நாள் அங்கேயே நின்றால் வெள்ளை அட்டையின் தோல் புண்பட்டு, குடலை வெளியே தள்ளி, இறக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டுகிறது. 2020இன் புரெவி போன்ற ஒரு புயல் சில நாள்களிலேயே அந்தப் பங்கின் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். ஆழமில்லாத நீரேரியில் மழைநீர் கலந்து மறையக் கடல் போதாது. மேலும், பண்ணைத் தாம்போதியும் பொன்னாலைத் தாம்போதியும் புங்குடுதீவுத் தாம்போதியும் மதகுகளுக்குள்ளால் மட்டும் நீரை விடுவதால், நீரேரி பல அறைகளாகப் பிரிந்து, உள்ளறைகளில் நீர்மாற்றம் மந்தமாகிறது. இவற்றோடு, பாசியும் கொட்டலசும் படிந்து கண் அடைபட்ட பண்ணை வலைகள் சேரும்போது நீர் இன்னும் தயங்குகிறது. வலையைத் தூரிகையால் தேய்த்துத் துப்புரவாக்குவது பண்ணையில் ஓயாத வேலை. அதைத் தள்ளிப்போடும் பண்ணைக்காரர் தம் அட்டைக்கு மட்டுமன்றி அயலாரின் அட்டைக்கும் கேடு செய்கிறார்.

இனி வேலியின் கணக்கு. சதுர வடிவிலான ஓர் ஏக்கர் அடைப்புக்கு ஏறத்தாழ 250 மீற்றர் நீள வலை வேண்டும். 5,000 ஏக்கரையும் ஏக்கர் ஏக்கராகத் தனித்தனியே அடைத்தால் வலையின் நீளம் 1,250 கிலோமீற்றரைத் தாண்டும். அடுத்தடுத்த பண்ணைகள் ஒரே வேலியைப் பகிர்ந்து இதைப் பாதியாக்கினாலும் அது சிறிய நீளமன்று. அட்டை நடந்து தப்பிவிடும் என்பதைவிடக் கள்ளர் எடுத்துவிடுவர் என்ற அச்சமே பண்ணைக்காரருக்குப் பெரிது என்பதால், வலைக்கு நடுவே காவற் கொட்டிலும் இரவு விளக்கும் வந்துவிடுகின்றன. அந்த ஒளியும் வேலியும் மீனின் போக்கை மாற்றுகின்றன, சிறகுவலையின் வருவாய் குறைகிறது, படகு கரைக்கு வந்துபோகும் வான் என்னும் நீர்வழி அடைபடுகிறது என்பவை அயல் தொழிலாளர் எடுத்துரைக்கும் முறைப்பாடுகள். இவை பொறாமையின் பேச்சு என்று தள்ளிவிடத்தக்கவை அல்ல. பொதுத் தரவையில் ஒருவர் பத்து மாடு கூடுதலாக விட்டால் ஊர் பேசித் தீர்க்கலாம். ஒரு துண்டை வேலியிட்டு உறுதி எழுதிவிட்டால் பேச ஏதும் மிஞ்சாது. ஓர் ஏக்கர் கடலுக்குக் குத்தகை பெற முதலும் குஞ்சு வாங்கப் பணமும் உள்ளவருக்கே பண்ணை எட்டும். கையால் இறால் பொறுக்கிய பெண்ணின் பெயர் எந்த அனுமதிப்பத்திரத்திலும் இல்லாததால், அவர் இழந்ததும் எந்தக் கணக்கிலும் ஏறாது. கூடவே, உள்ளூர்ச் சட்டிக்கு மீன் தந்த நீர்ப்பரப்பு, உள்ளூரில் யாரும் தின்னாத ஏற்றுமதிப் பண்டத்துக்கு மாறுகிறது. டொலர் தேவைப்படும் நாடு இதை நியாயப்படுத்தலாம். ஆனால் அதை உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

பண்ணை இயற்கை இருப்பைக் காக்கும் என்ற வாதமும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததாக இருக்கவேண்டும். பொரிப்பகக் குஞ்சுக்குத் தட்டுப்பாடு வரும்போது கடலில் பொறுக்கிய சிறு அட்டைகளை அடைப்பில் விட்டு வளர்த்தால், அது வளர்ப்பன்று, பிடிப்பை ஓராண்டு தள்ளிவைத்தல் மட்டுமே. பண்ணைச் சரக்கு என்ற பத்திரத்தின் மறைவில் கடலில் பிடித்ததும், எதிர்க்கரையிலிருந்து கள்ளமாக வந்ததும் கலந்து வெளியேறுவதைத் தடுக்க, குஞ்சு வாங்கிய எண்ணிக்கைக்கும் விற்ற அட்டையின் எண்ணிக்கைக்கும் பொருத்தம் பார்ப்பது மிக எளிய வழி. நூறு குஞ்சு வாங்கிய பண்ணை நூற்றிருபது அட்டை விற்றால் கேள்வி கேட்க விஞ்ஞானி தேவையில்லை.

இதே வெள்ளை அட்டையை இதே முறையில் வளர்க்கும் மடகஸ்காரின் தென்மேற்குக் கரை ஒப்பிடத்தக்கது. துலியார் நகரில் பல்கலைக்கழகமும் பெல்ஜிய ஆய்வாளரும் சேர்ந்து 1990களின் இறுதியில் தொடங்கிய பொரிப்பக ஆய்வு, 2008இல் ஒரு நிறுவனமாயிற்று. வேசோ என்னும் மீனவ மக்கள் தம் ஊருக்கு எதிரே உள்ள கடலில் சிறு அடைப்புகளைக் கட்டி, நிறுவனத்திடம் குஞ்சு பெற்று வளர்த்து, வளர்ந்த அட்டையை அதே நிறுவனத்துக்கு விற்கின்றனர். அறுவடை பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருவற்றுக் காலத்து இரவுகளில் நடக்கிறது. பண்ணைகள் பல, ஊர்ச்சபையே நிர்வகிக்கும் கடற்பகுதிக்குள் அமைந்தவை. எங்கே அடைப்புக் கட்டலாம், எந்த வாய்க்காலை விட்டுவைக்கவேண்டும் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. அங்கும் களவு உண்டு, புயல் உண்டு, ஒரே வாங்குபவரிடம் கட்டுப்பட்டிருக்கும் துன்பமும் உண்டு. ஆயினும் வேலிக்குள் இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒரே ஊர்ச்சபையில் அமர்வதால், வேலியைப் பற்றிய வழக்கு அங்கே கட்டும் முன்பே நடக்கிறது.

வேலணைக் கரைக்கும் அத்தகைய ஏற்பாடு எட்டாததன்று. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தீவகத்தில் ஊருக்கு ஊர் உள்ளன. சிறகுவலையும் களங்கட்டியும் எங்கே நிற்கின்றன என்பதைச் சங்கத்து மூத்தவர்கள் வரைந்து காட்டுவார்கள். கடற்புல் எங்கே அடர்ந்துள்ளது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரே வரைபடமாக்க முடியும். இவ்விரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், புல்லும் வலையும் வானும் இல்லாத சேற்றுத் தரைகள் எஞ்சும். அட்டைப் பண்ணைக்கு உரிய இடம் அவையே. எத்தனை ஏக்கர் என்பது அதன் பின்னரே எழவேண்டிய கேள்வி. 2022இன் திட்டம் ஏக்கரை முதலில் சொல்லிவிட்டு இடத்தைப் பிறகு தேடியது. இனி அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்த வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, அவ்வூர்ச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி, ஒரு மாரிக்காலம் முழுவதும் உப்பின் அளவைக் குறித்த பின்னரே கையொப்பமிடவேண்டும்.